மலைக் குளிரை மட்டும் நம்பி இனி சரக்கு வைக்க முடியுமா?



நாம் லவ்டேலில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். தொடங்கிய காலத்தில் வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் தனியாகக் குளிர்ப்பெட்டி வேண்டும் என்ற எண்ணமே நமக்கு இருந்ததில்லை. கிடங்கின் வடக்குச் சுவரோரம் ஒரு கல் மேடை. அதன் மேல் பெட்டிகளை அடுக்கி, ஈரச் சாக்கைப் போர்த்தி விட்டால் இரண்டு மூன்று நாள் கவலை இல்லை. கடையில் ஒரு பிரிட்ஜ் வந்தபோது கூட, அதை அவசியத்துக்கு வாங்கினோம் என்பதை விட கௌரவத்துக்கு வாங்கினோம் என்பதே உண்மை. இந்த ஊரின் காற்றே நமக்குப் பிரிட்ஜாக இருந்தது.

அந்தக் கணக்கு 2024 ஏப்ரல் கடைசி வாரத்தில் நம்மைக் கைவிட்டது. அந்த வாரம் ஊட்டியில் 29 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. அதற்கு முன் 1986 ஏப்ரலில் பதிவான 28.5 டிகிரிதான் உச்சமாக இருந்தது. ஏப்ரல் மாதப் பகலில் 23, 24 டிகிரிதான் இங்கே வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிச் சென்ற நாம், திங்கள் காலை வந்து கதவைத் திறந்தபோது கிடங்கு முழுவதும் புளித்த வாடை. டீப் பிரீசர் சத்தமில்லாமல் நின்று கிடந்தது. நாற்பது கிலோ வெண்ணெய் இளகி அட்டைப் பெட்டிகளை நனைத்திருந்தது. ஐஸ்கிரீம் பெட்டிகள் அத்தனையும் பாயசமாகி விட்டன. சீசன் தொடங்கும் வேளை. கேத்தி, மஞ்சூர் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் சொல்லி வைத்திருந்த சரக்கு அது.

மிஷின் பழுதாகி விட்டது, புதிது வாங்க வேண்டியதுதான் என்று முடிவு கட்டினோம். ஊட்டியிலிருந்து வந்த மெக்கானிக் பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். மைதா மூட்டை இறக்கும்போது பறந்த மாவுத் தூசியும் ஒட்டடையும் சேர்ந்து கம்பிச் சுருளில் கம்பளி போர்த்தியது போல் படிந்திருந்தது. போதாக்குறைக்கு இரண்டு பக்கமும் மூட்டைகள். "மிஷின் மேல தப்பு இல்லீங்க முதலாளி. மூச்சு விட வழி இல்லாம பண்ணி வெச்சிருக்கீங்க" என்றார் அவர். குளிர் காலத்திலும் அதே தூசியும் அதே மூட்டைகளும் இருந்தனதானே, அப்போதெல்லாம் ஓடியதே என்று கேட்டோம். "அப்போ ஊர் காப்பாத்துச்சு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. நம் கடைகளில் உள்ள குளிர்ப்பெட்டிகள் பலவும் குறையோடுதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தக் குறைகளை இத்தனை காலம் மலைக் குளிர் மறைத்து வந்தது. குளிர் குறையக் குறைய ஒவ்வொரு குறையும் நஷ்டமாக வெளியே வரும். பெரிய மிஷின் வாங்குவதற்கு முன் அந்தக் குறைகளைக் களைவதுதான் லாபம்.

குளிரும் வியாபாரமும்

குளிரை வைத்து வியாபாரம் செய்வது நம் நாட்டுக்குப் புதிதல்ல. மின்சாரம் இல்லாத காலத்தில் ஃப்ரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர், அங்கே ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். அதைச் சேமித்து வைக்க 1842ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் எழுந்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. வழியில் எவ்வளவோ உருகியும் மிச்சப் பனிக்கட்டியில் அந்த வணிகர் லாபம் கண்டார். அதற்குக் காரணம் மரத்தூள். சூட்டை உள்ளே விடாமல் தடுத்தால் பாதி வேலை முடிந்தது என்பதை அன்றே அவர் அறிந்திருந்தார்.

நீலகிரியில் அந்தச் சிரமம் கூட இல்லை. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908இல் கேத்தி, லவ்டேல் வழியாக ஊட்டி வரையும் மலை ரயில் வந்தது. 1905இல் முத்துசாமி முதலியார் தொடங்கிய வெண்ணெய், பால்பொருள் கடைதான் பின்னாளில் 'நீலகிரிஸ்' என்ற பெரிய வணிக நிறுவனமாக வளர்ந்தது. வெண்ணெய், பாலாடைக்கட்டி, காளான், சாக்லேட், வர்க்கி என்று இம்மலைக்குப் பெயர் வாங்கித் தந்த பொருள்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த ஊர்க் காற்று இருக்கிறது. அதாவது, குளிர் நமக்கு வாடகை இல்லாத கிடங்காக இருந்தது. இனி அந்தக் கிடங்குக்கும் வாடகை உண்டு. அதை எவ்வளவு குறைவாகக் கொடுப்பது என்பதே கேள்வி.

குளிர்ப்பெட்டி செய்யும் வேலை

குளிர்ப்பெட்டி குளிரை உண்டாக்குகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி அல்ல. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே இறைப்பதுதான் அதன் வேலை. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். கம்ப்ரசர் என்பது இறைக்கும் பம்பு. குழாயில் சுற்றி வரும் கேஸ்தான் வாளி. பின்பக்கமோ அடியிலோ உள்ள கம்பிச் சுருள், அதாவது கண்டென்சர், தண்ணீரைக் கொட்டும் வாய்க்கால். பெட்டியின் உள்ளே கேஸ் ஆவியாகும்போது சூட்டை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்கிக் கண்டென்சருக்குத் தள்ளுகிறது. அங்கே அது வெளிக்காற்றிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகித் திரும்புகிறது.

கிணறு ஆழமானால் இறைக்கும் உழைப்பு கூடும். அதுபோல உள்ளே இருக்கும் குளிருக்கும் வெளியே இருக்கும் சூட்டுக்கும் இடைவெளி கூடினால் மின்சாரம் கூடும். கண்டென்சரின் சூடு ஒரு டிகிரி ஏறினால் அதே வேலைக்கு ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் மின்சாரம் அதிகம் செலவாகும் என்பது இத்துறையில் உள்ளவர்களின் பொதுக் கணக்கு.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். பிரீசருக்குள் மைனஸ் 18 டிகிரி. கடைக்குள் 20 டிகிரி இருந்தால் இடைவெளி 38. கடைக்குள் 29 ஆகிவிட்டால் இடைவெளி 47. இதனால் சுவர் வழியாக உள்ளே கசியும் சூடு மட்டும் ஏறக்குறைய கால் பங்கு கூடுகிறது. கண்டென்சர் 9 டிகிரி கூடுதல் சூட்டில் வேலை செய்வதால், அந்தச் சூட்டை இறைக்கும் செலவும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. இரண்டையும் பெருக்கினால் மின்செலவு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஒரு பிரீசர் நாளொன்றுக்கு 2.4 யூனிட் எடுத்தது என்றால் இப்போது 3.6 யூனிட் எடுக்கும். மாதத்துக்கு 36 யூனிட் அதிகம். கணக்குக்காக யூனிட் ரூ.10 என்று வைத்துக்கொண்டால் ஒரு பெட்டிக்கு ரூ.360. மூன்று பெட்டி வைத்திருப்பவர் மாதம் ஆயிரத்துக்கு மேல் சத்தமில்லாமல் இழக்கிறார். இது சுத்தமாக உள்ள மிஷினின் கணக்கு. நம் கிடங்கில் இருந்தது போல் தூசி போர்த்திய மிஷின் என்றால், இறைத்த தண்ணீர் வாய்க்காலில் ஓடாமல் கிணற்றடியிலேயே தேங்குவது போல. கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடி, சூடேறி, கடைசியில் நின்று விடும்.

மலைக்காற்றின் இரண்டு குணங்கள்

சமவெளியில் 38, 40 டிகிரியில் கூட பிரிட்ஜ் ஓடுகிறதே, 29 டிகிரிக்கு இவ்வளவு பயமா என்று கோவை நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இரண்டு.

முதலாவது, மலைக்காற்று மெல்லியது. குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகாது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்து விடுகிறது. காற்றழுத்தம் குறைவு என்பதே காரணம். காற்றின் அடர்த்தியும் சமவெளியை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கண்டென்சருக்குக் காற்று வீசும் ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும், சூட்டைச் சுமந்து செல்லும் காற்று குறைவாகவே போகிறது. காற்று குளிர்ந்திருந்த வரை இந்தக் குறை தெரியவில்லை. இப்போது தெரிகிறது. ஆகவே, சமவெளிக் கடையை விட மலைக்கடையில் பெட்டிக்கு அதிக இடைவெளி விட வேண்டும்.

இரண்டாவது குணம் இதற்கு நேர் எதிரானது. டிசம்பர், ஜனவரியில் இங்கே உறைபனி விழுகிறது. தலைக்குந்தா பக்கம் விடியற்காலையில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். அந்த நாட்களில் சாதாரண பிரிட்ஜின் மேல் அறையில் வைத்த ஐஸ்கிரீம் உருகிப் போனதைப் பல கடைக்காரர்கள் பார்த்திருப்பார்கள். குளிரில் எப்படி உருகும் என்று குழம்புவோம். பல பிரிட்ஜ்களில் தெர்மாஸ்டாட் கீழறைச் சூட்டை மட்டுமே பார்க்கிறது. கடைக்குள்ளேயே 5, 6 டிகிரி இருந்தால் கீழறை தானாகவே குளிர்ந்திருக்கும். வேலை முடிந்தது என்று தெர்மாஸ்டாட் கம்ப்ரசரை ஓட விடாது. மேலறைக்குக் குளிர் கிடைக்காமல் போகிறது.

ஆக, மலையில் வியாபாரம் செய்பவருக்கு வெயிலும் சோதனை, பனியும் சோதனை. ஐஸ்கிரீம், உறைந்த பட்டாணி போன்றவற்றுக்குச் சாதாரண பிரிட்ஜின் மேலறையை நம்பக் கூடாது. தனி டீப் பிரீசர்தான் சரி.

இரவில் ஸ்விட்சை அணைக்கலாமா?

லவ்டேலுக்கு அருகில் சிறு மளிகைக்கடை நடத்தும் சகோதரி ஒருவர் நம்மிடம் சரக்கு எடுக்கிறார். அவர் விற்ற ஐஸ்கிரீம் மணல் மணலாக இருக்கிறது என்று பள்ளிப் பிள்ளைகள் திருப்பிக் கொடுத்து விட்டார்கள். நாம் கெட்ட சரக்கைத் தள்ளி விட்டதாக அவருக்கு வருத்தம். நேரில் போய் விசாரித்தோம். இரவு ஒன்பது மணிக்குக் கடை சாத்தும்போது பிரீசர் ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, காலை ஏழு மணிக்குப் போடுவது அவர் வழக்கம். "குளிர் ஊருக்கு ராத்திரி எதுக்குங்கண்ணா கரண்டு? எங்க மாமனார் காலத்துல இருந்து இப்படித்தானுங்க" என்றார்.

வாதம் செய்யாமல் ஒரு தெர்மாமீட்டரைப் பிரீசருக்குள் வைத்தோம். காலையில் மைனஸ் 6 காட்டியது. ஐஸ்கிரீம் பாதி இளகி, பகலில் மறுபடி உறைகிறது. அப்படி உறையும்போது உள்ளே இருக்கும் நீர் பெரிய பெரிய பனிப் படிகங்களாகி விடுகிறது. அதுதான் அந்த மணல். மீட்டரையும் பார்த்தோம். ஸ்விட்சை அணைத்த நாளுக்கும் அணைக்காத நாளுக்கும் வித்தியாசம் அரை யூனிட் கூட இல்லை. இரவில் மிச்சமான மின்சாரத்தில் பெரும்பகுதியை, ஏறிய சூட்டை இறக்குவதற்காகக் காலையில் மிஷின் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஐந்து ரூபாய் மிச்சத்துக்கு ஒரு பெட்டி ஐஸ்கிரீமும் பிள்ளைகளின் நம்பிக்கையும் போயின.

உறைந்த உணவு மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ, குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும் என்பதே உணவுப் பாதுகாப்பு விதிகள் கேட்பது. இளகி உறைந்த பொருளில் கிருமிகள் செத்து விடுவதில்லை, உறங்கித்தான் கிடக்கின்றன. விதிக்காக மட்டுமல்ல, நம் கடையில் வாங்கித் தின்னும் குழந்தைக்காகவும் இதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சகோதரி இப்போது ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டி வைத்திருக்கிறார்.

செலவில்லாமல் செய்யக் கூடியவை

1. மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான தூரிகையால் கண்டென்சர் சுருளைத் துடைக்க வேண்டும். மைதா, மிளகாய்த்தூள், பருப்புத் தூசி பறக்கும் மளிகைக்கடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. சுருளை வளைத்து விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. பின்னாலும் பக்கங்களிலும் குறைந்தது அரை அடி இடைவெளி வேண்டும். மேலே அட்டைப் பெட்டி, சாக்கு எதுவும் அடுக்கக் கூடாது. பல பிரீசர்களில் கண்டென்சர் பக்கச் சுவருக்குள்ளேயே இருக்கிறது. தொட்டால் சுடும் அந்தச் சுவரில் மூட்டையைச் சாய்த்தால் மிஷினுக்குக் கம்பளி போர்த்தியது போலத்தான்.

3. கதவு ரப்பரைச் சோதிக்க வேண்டும். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் சூடு உள்ளே போகிறது. ரப்பரை வெந்நீரில் துடைத்துப் பார்க்கலாம். சரியாகவில்லை என்றால் மாற்றி விடுவது நல்லது.

4. உள்ளே பனி கால் அங்குலத்துக்கு மேல் படிய விடக் கூடாது. பனியும் ஒரு போர்வைதான். அதைக் கத்தியால் சுரண்டினால் குழாய் ஓட்டையாகி கேஸ் போய்விடும். சரக்கை வேறு பெட்டிக்கு மாற்றி, அணைத்து, தானாக உருக விட வேண்டும்.

5. வெயிலில் வந்த லாரிச் சரக்கை அப்படியே பிரீசருக்குள் திணிக்கக் கூடாது. முடிந்தவரை அதிகாலையில் இறக்குங்கள். புதுச் சரக்கைச் சிறிது சிறிதாக வையுங்கள்.

6. மேலே திறக்கும் பெட்டிதான் சிக்கனம். குளிர்ந்த காற்று கனமானது, கீழேயே தங்கி விடும். முன்கதவு உள்ள பெட்டியைத் திறந்தால் அது காலடியில் கொட்டி விடும். அதிகம் விற்கும் பொருளை எளிதில் எடுக்கும்படி வைத்தால் கதவு திறந்திருக்கும் நேரம் குறையும்.

7. இறைத்த சூடு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பனிக்குப் பயந்து நம் கடைகளைச் சிறு ஜன்னலோடு இறுக்கமாகக் கட்டியிருக்கிறோம். மூன்று நான்கு பெட்டிகள் கக்கும் சூடு அதே அறையில் தங்கி, அதே பெட்டிகளைத் திரும்பச் சுடுகிறது. மார்ச் முதல் ஜூன் வரை கூரையோரக் காற்றுத் துவாரத்தைத் திறந்து விடுங்கள், அல்லது ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்கள். டிசம்பரில் மூடி வைத்தால் அதே சூடு கடைக்கு இதமாக இருக்கும்.

கரண்டு போனால்

மலையில் மரம் சாய்ந்தால் கரண்டு போகும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நாம் மறக்க முடியாது. வெயிலும் மழையும் இப்படி எல்லை மீறும்போது மின்தடைக்கும் தயாராக இருக்க வேண்டும்.

கரண்டு போனவுடன் செய்ய வேண்டியது ஒன்றே, கதவைத் திறக்காமல் இருப்பது. நிறைய சரக்கு உள்ள பிரீசர் காலிப் பெட்டியை விட நெடுநேரம் குளிர் தாங்கும். இடம் மிச்சம் இருந்தால் ஐஸ் வைக்கலாம். பிளாஸ்டிக் பாட்டில் நம் மாவட்டத்தில் கூடாது என்பதால் எவர்சில்வர் தூக்கில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால் போதும். முழுக்க ஊற்றினால் உறையும்போது உப்பி மூடி பிதுங்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெறும் தண்ணீர் ஐஸ் பூஜ்ஜியம் டிகிரியில் உருகுகிறது. அது பாலுக்கும் வெண்ணெய்க்கும் போதும், ஐஸ்கிரீமைக் காப்பாற்றாது. உப்பு கலந்த நீர் அதற்கும் கீழே போய்த்தான் உறையும். நிறைய உப்புக் கரைத்தால் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கும். அந்த முறையில் செய்த குளிர்க்கட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஐஸ்கிரீம் விற்பவர்கள் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கரண்டு வந்தவுடன் கம்ப்ரசரை உடனே ஓட விடவும் கூடாது. உள்ளே கேஸின் அழுத்தம் சமமாக மூன்று நிமிடமாவது ஆகும். அதற்குள் ஓட முயன்றால் மோட்டார் இழுக்க முடியாமல் சுருள் கருகும். தாமதித்து மின்சாரம் விடும் ஸ்டெபிலைசர் போட்டால் இந்தக் கவலையும், சீசன் மாலையில் வோல்டேஜ் இறங்கும் கவலையும் தீரும்.

புதிது வாங்கும்போது

இத்தனையும் செய்தபின் புதிது அவசியம் என்றால் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில், எந்தச் சூட்டுக்குச் செய்த பெட்டி என்பது. லேபிளில் ஆங்கில எழுத்தில் வகை போட்டிருக்கும். 'டி' என்றால் 16 முதல் 43 டிகிரி வரையிலான அறைச் சூட்டுக்கு. 'எஸ்.என்.' என்றால் 10 முதல் 32 வரை. இரண்டும் சேர்ந்து போட்டிருந்தால் நம் ஊருக்கு மிகவும் ஏற்றது. வெறும் 'டி' வகையை வாங்கினால் பனிக்காலத்தில் கடையின் கதகதப்பான மூலையில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, நட்சத்திர லேபிள். அதில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பதை விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பெட்டியின் விலையை ஒருமுறை கொடுக்கிறோம். மின்கட்டணத்தை அது உயிரோடு இருக்கும் வரை கொடுக்கிறோம்.

மூன்றாவது, உள்ளே ஓடும் கேஸ். இதில் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. பழைய பிரிட்ஜ்களில் இருந்த ஆர்-12 கேஸ் ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று தெரிந்து, 1987இல் மாண்ட்ரீல் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதற்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்கவில்லை. ஆனால், ஒரு கிலோ கசிந்தால் ஆயிரத்து நானூறு கிலோ கரியமில வாயு கலந்ததற்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. நம் கடையைக் குளிர வைக்கும் பொருளே ஊரைச் சூடாக்குகிறது. இதைக் குறைக்க 2016இல் ருவாண்டா நாட்டுக் கிகாலி நகரில் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியா 2021இல் அதை ஏற்றுக்கொண்டது. 2032 முதல் இவ்வகை கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அப்போது பழைய கேஸ் கிடைப்பது அரிதாகி விலை ஏறும். இன்று வாங்கும் பெட்டி பத்துப் பதினைந்து ஆண்டு ஓடும் என்பதால் இப்போதே யோசிப்பது நல்லது.

ஆர்-600ஏ, ஆர்-290 என்ற புதிய கேஸ்கள் பூமியை அவ்வளவாகச் சூடாக்குவதில்லை. மின்சாரமும் சிக்கனம். ஆனால் அவை நம் சமையல் கேஸின் உறவினர்கள், தீப்பிடிக்கக் கூடியவை. அளவு மிகக் குறைவு என்பதால் பயப்பட வேண்டியதில்லை. பழக்கம் உள்ள மெக்கானிக்கைத்தான் அழைக்க வேண்டும் என்பதே முக்கியம். ஒரு கேஸுக்குச் செய்த மிஷினில் வேறு கேஸை அடைக்கச் சம்மதிக்காதீர்கள். பழைய கேஸைக் காற்றில் திறந்து விடவும் சம்மதிக்காதீர்கள்.

குளிர்ப்பெட்டிக்கு வெளியே உள்ள சரக்கு

எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கியை எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள கொழுப்பு சூட்டில் சீக்கிரம் சிக்கு வாடை எடுக்கும். பிரிட்ஜில் வைத்தால் ஈரம் கோத்து நமத்துப் போகும். காற்றுப் புகாத டின்னில், கூரைக்கு அருகில் இல்லாமல் கீழ்த்தட்டில் வைத்து, கோடையில் பாதி அளவு வாங்கி இரண்டு மடங்கு தடவை வரவழைப்பதே வழி.

ஊட்டி சாக்லேட்டின் கதையும் அதுதான். அதில் உள்ள கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் முழுதாக உருகினாலும், 27, 28 டிகிரியிலேயே இளகத் தொடங்கி விடும். பகலில் இளகி இரவில் இறுகினால் மேலே வெள்ளை பூக்கும். வாடிக்கையாளர் அதைப் பூஞ்சை என்று எண்ணித் திருப்பிக் கொடுப்பார். 15 முதல் 18 டிகிரி அதற்குப் போதும். பிரிட்ஜில் வைப்பதானால் இறுக மூடிய டப்பாவில் வைத்து, வெளியே எடுத்தபின் டப்பா அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லையேல் வியர்த்துச் சர்க்கரை வெளியே வந்து விடும்.

கிடங்கைக் குளிர வைக்க நம்மிடம் இன்னும் ஒரு சொத்து மிச்சம் இருக்கிறது. அது இரவுக் காற்று. கோடையிலும் நம் இரவுகள் சமவெளியை விடக் குளிர்ந்தவை. எலி நுழையாமல் கம்பிவலை அடித்து, இரவில் துவாரங்களைத் திறந்து, காலை எட்டு மணிக்கு மூடி விட்டால் கல்சுவர் அந்தக் குளிரைப் பிற்பகல் வரை பிடித்து வைத்திருக்கும். மூடுபனி இறங்கும் இரவில் மட்டும் திறக்க வேண்டாம், சர்க்கரையும் பிஸ்கட்டும் ஈரம் வாங்கும். தகரக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். நாம் 2025 மார்ச்சில் அடித்தோம். அந்த மே மாதம் கிடங்கில் நின்று கணக்கு எழுத முடிந்தது.

முடிவாக

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு நாம் புது மிஷின் வாங்கவில்லை. அதே பிரீசரைச் சுத்தம் செய்து, இடம் மாற்றி, ரப்பர் மாற்றி, ஸ்டெபிலைசர் போட்டோம். இரண்டு கோடை கடந்தும் ஓடுகிறது. கல்லாவுக்கு அருகில் ஒரு சிறு நோட்டு தொங்குகிறது. காலையிலும் மாலையிலும் பிரீசரின் டிகிரி அதில் ஏறுகிறது. மைனஸ் 18 என்பது மைனஸ் 15 ஆகும்போதே தெரிந்து விடுவதால், வெண்ணெய் உருகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடன் கொடுத்தால் நோட்டில் எழுதுகிறோம். சரக்கு வந்தால் எழுதுகிறோம். குளிரும் இப்போது காசு கொடுத்து வாங்கும் சரக்குதான். அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வருகிற சீசனுக்கு முன் ஒரு விடுமுறை நாளில், உங்கள் குளிர்ப்பெட்டியை ஓர் அடி முன்னால் இழுத்து, பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். நாம் நாற்பது கிலோ வெண்ணெய் கொடுத்துக் கற்ற பாடத்தை நீங்கள் ஒரு தூரிகையோடு கற்றுக்கொள்ளலாம்.